தெரிந்தும் ஏன் செய்கிறோம்? தன்னைத்தானே கெடுக்கும் பழக்கங்களும் மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மூளை பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், பிள்ளையின் ஞாபகசக்திக்கு என்ன கொடுக்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கெடுதல் என்று நன்றாகத் தெரிந்த ஒன்றை மனிதர் ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார் என்பதுதான் என் துறை என்று சொன்னதும் கதை மாறிவிடும். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு தம்பியைப் பற்றி, ஒரு கணவரைப் பற்றி, சில வேளை தங்களைப் பற்றியே கேட்கத் தொடங்குவார்கள். கலியாண வீடுகளிலும் வெள்ளவத்தைக் கடைகளிலும் மாணவர்களிடமும் எனக்கு வந்த கேள்விகள்தான் இவை. நான் ஆராய்ச்சியாளர், வைத்தியர் இல்லை, அதனால் யாருக்கும் மருந்து சொல்லவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று இப்போதே தோன்றுகிறவர் யாராவது இதை வாசித்தால், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.

தன்னைத்தானே கெடுக்கும் பழக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? குடியை மட்டுமா?

இல்லை. சாராயமும் ஐஸ் என்ற போதைப்பொருளும் அதில் சேரும்தான். ஆனால் வாயில் வெள்ளைப் படை வந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வந்த பிறகும் வெற்றிலை போடுகிறவர், சம்பளம் கிடைத்த அன்றே பெட்டிங் சென்டரில் பாதியை விட்டுவிட்டு வருகிறவர், சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அலுமாரியிலேயே வைத்திருப்பவர், மனம் தாங்காத நேரத்தில் தன் உடம்பையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக ஒன்று இருக்கிறது. கெடுதல் என்பது தெரியும், நிறுத்த விருப்பமும் இருக்கிறது, ஆனாலும் தொடர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அது என் கேள்வி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போகும் பெண்ணையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்பதுண்டு. நான் சேர்ப்பதில்லை. அங்கே காசு, பிள்ளைகள், போக வீடில்லாமை, உயிர்ப் பயம் எல்லாம் இருக்கின்றன, கெடுதலைச் செய்கிறவர் வேறொருவர். அதை அவளுடைய மூளையின் கோளாறாகக் காட்டுவது அநியாயம்.

மூளைக்குள் தன்னை அழிக்கச் சொல்லும் ஒரு பகுதி இருக்கிறதா?

மனிதருக்குள் வாழ்வை நோக்கிய உந்துதலோடு சாவை நோக்கிய உந்துதலும் இருக்கிறது என்று 1920இல் சிக்மண்ட் பிராய்ட் எழுதினார். நூறு ஆண்டுகள் கடந்தும் மூளையில் அப்படி ஓர் இடத்தை யாரும் கண்டதில்லை. அங்கே இருப்பவை எல்லாம் உயிரைக் காப்பாற்ற உண்டானவை: நல்லது கிடைத்த இடத்தை நினைவில் வைக்கும் சுற்று, ஆபத்தை எச்சரிக்கும் சுற்று, கொஞ்சம் பொறு என்று தடுக்கும் சுற்று. இவற்றுக்கு இடையிலான சமநிலை குலையும்போது விளைவு அழிவாக இருக்கலாம், ஆனால் மூளை அழிவைத் தேடிப் போகவில்லை.

என்னை இந்தத் துறைக்குள் இழுத்தது லெஷ்-நைஹன் என்ற அரிய நோய். 1964இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் மருத்துவ மாணவராக இருந்த மைக்கேல் லெஷும் அவருடைய ஆசிரியர் வில்லியம் நைஹனும் இரண்டு சகோதரர்களை வைத்து இதை முதலில் விவரித்தார்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால் ஏறக்குறைய எப்போதும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். யூரிக் அமிலம் கூடும், உடல் அசைவு கட்டுக்குள் இருக்காது, அதோடு அந்தப் பிள்ளைகள் தங்கள் உதட்டையும் விரலையும் கடித்துக் காயப்படுத்துவார்கள். அவர்களுக்கு வலி தெரியும். வலியில் அழுவார்கள். கையைக் கட்டிவிடுங்கள் என்று அவர்களே கேட்பார்கள், கட்டிய பிறகுதான் நிம்மதியாக இருப்பார்கள். குறையாக இருப்பது ஒரே ஒரு நொதி, அது 1967இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குறையால் மூளையின் அடியில் அசைவையும் பழக்கத்தையும் நடத்தும் பகுதியில், நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற பொருள் மிகவும் குறைந்துவிடுகிறது. ஒருவர் விரும்புவது ஒன்று, அவருடைய கை செய்வது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. குடிக்கும் சித்தப்பாவுக்கு இந்த நோய் என்று நான் சொல்லவில்லை. விருப்பமும் செயலும் மூளையில் ஒரே இடத்தில் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கெடுதல் என்று தெரியும்தானே மகள், பிறகு ஏன்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம்.

1954இல் மொன்ட்ரியலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, ஒரு நெம்புகோலை அழுத்தினால் சிறிய மின்சாரம் போகும்படி செய்தார்கள். எலிகள் அதை விடாமல் அழுத்தின. இன்பத்தின் மையம் அகப்பட்டுவிட்டது என்று பலரும் நெடுங்காலம் நம்பினார்கள். பிற்பாடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் வேறொன்றைக் காட்டினார். டோபமின் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளின் வாயில் சீனித் தண்ணீர் விட்டால் அவை முன்போலவே ருசித்து நக்கின, ஆனால் பக்கத்தில் சாப்பாடு இருந்தாலும் போய் எடுக்கவில்லை, பட்டினி கிடந்தன. அதாவது ஒன்று பிடிப்பது வேறு, அது வேண்டும் என்ற இழுப்பு வேறு. டோபமின் இழுப்பின் பக்கம். போதைப்பொருள் இழுப்பைக் கூட்டிக்கொண்டே போகும், சுகமோ கூடாமல் நிற்கும் அல்லது குறையும். இதை அவரும் டெரி ரொபின்சனும் 1993இல் ஒரு கோட்பாடாக வைத்தார்கள். இப்போது குடியில் ஒரு சந்தோஷமும் இல்லை, ஆனாலும் கால் தவறணைக்குத்தான் போகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

இழுப்பு எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களைப் பதிவு செய்தபோது, எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று பழகியதும் சாறுக்கு அல்ல, விளக்குக்கே துடித்தன. நம் ஊரில் அந்த விளக்கு என்ன? சந்தியில் தெரியும் கடைப் பலகை, சம்பள எஸ்எம்எஸ், பழைய கூட்டாளியின் அழைப்பு, வெள்ளிக்கிழமை பின்னேரம்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, என் பார்வையில் அதுதான் பெரியது. அநேகமான பழக்கங்கள் இன்பத்தால் நீடிப்பதில்லை, ஆறுதலால் நீடிக்கின்றன. வெற்றிலைக்காரரை எடுங்கள். பாக்கில் உள்ள அரிகொலின் மூளையில் நிகொட்டின் பிடிக்கும் இடங்கள் சிலவற்றிலும் போய்ப் பிடிக்கிறது. போடாமல் இருந்தால் எரிச்சல், தலைவலி, வேலையில் கவனமின்மை. ஒரு கூறு போட்டதும் அது அடங்குகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பாக்கைப் புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது, அதை அவரும் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் எரிச்சல் அடங்குவது ஒரு நிமிடத்தில், புற்றுநோய் வருவது பல ஆண்டுகளுக்குப் பிறகு. மூளையின் பழகும் பகுதி ஒன்றுக்கொன்று அருகில் நடப்பவற்றைத்தான் முடிச்சுப் போடும், தூரத்தில் இருப்பதைக் கணக்கில் எடுக்கத் தெரியாது. கடைக் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்குவது போல, ஆறுதல் இன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது, விலை மட்டும் பிறகு.

ஆகவே ஒருவருடைய பழக்கத்தைப் பற்றி நான் முதலில் கேட்பது, அது அவருக்கு எந்த வேதனையை அடக்குகிறது என்பதைத்தான். அந்த வேதனைக்கு வேறு வழி கிடைக்காமல் பழக்கத்தை மட்டும் பறித்தால் அது வேறு உருவில் வரும்.

என் மகள் தன் கையைக் காயப்படுத்திக்கொள்கிறாள். எங்களைப் பயமுறுத்தச் செய்கிறாளா?

பெரும்பாலான பிள்ளைகள் இதை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். வெயிலிலும் நீளக் கைச் சட்டை போடுகிறவள் யாரையும் பயமுறுத்தவில்லை. ஏன் என்று ஆராய்ச்சிகளில் கேட்டபோது அதிகம் கிடைத்த பதில், தாங்க முடியாத உணர்ச்சியைக் கொஞ்சம் அடக்க என்பதுதான். உடல்வலியும் மனவேதனையும் மூளையில் ஓரளவு ஒரே பகுதிகளைப் பயன்படுத்துகின்றன, வலி குறையும்போது வரும் ஆறுதலில் மனவேதனையும் சற்று அமுங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆறுதல் நிற்பதில்லை. வெட்கமும் குற்றவுணர்வும் கூடிவரும், அடுத்த முறைக்கான காரணம் அங்கேயே பிறந்துவிடும். சாக நினைத்துச் செய்யாவிட்டாலும், பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து இவர்களுக்குக் கூடுதல் என்பதால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடவும் கூடாது.

ஏச வேண்டாம். காட்டு என்று சட்டையை இழுக்க வேண்டாம். இனிச் செய்ய மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் வாங்கவும் வேண்டாம், சத்தியம் முறிந்தால் அவள் உங்களிடம் சொல்வதையே நிறுத்திவிடுவாள். எனக்குத் தெரியும், நான் கோபமாக இல்லை, உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று சொல்லி, பக்கத்தில் இருங்கள். பிறகு உளமருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதற்கென்றே உருவான சிகிச்சை இருக்கிறது. அதை அமைத்த அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், தான் இளவயதில் இதே துன்பத்தில் வைத்தியசாலையில் கிடந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். உணர்ச்சி பொங்கும் அந்தச் சில நிமிடங்களை வேறு விதமாகக் கடக்கும் பயிற்சிதான் அந்தச் சிகிச்சையின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி. பயிற்சியால் வரக்கூடியது என்பதால்தான் நான் பெற்றோரிடம் நம்பிக்கையோடு கதைக்கிறேன்.

கடைசியில் மனோபலம் இல்லாததுதானே காரணம்?

பார்க்கின்சன் நோய்க்கு டோபமினைப் போல வேலை செய்யும் மருந்துகள் கொடுப்பார்கள். அந்த மருந்துகளை எடுத்த 11 பேருக்குச் சூதாட்ட வெறி பிடித்ததை 2005இல் மேயோ கிளினிக் வைத்தியர்கள் எழுதினார்கள். மருந்தைக் குறைத்ததும் நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு வெறி போய்விட்டது. இந்த மருந்துகள் இங்கேயும் பாவனையில் உள்ளன, வீட்டில் யாராவது எடுத்தால் திடீர்ச் சூதாட்டம், கட்டுக்கடங்காத கொள்வனவு போன்ற மாற்றம் தெரிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. மூளையின் உள்மடிப்பில் இன்சுலா என்றொரு பகுதி இருக்கிறது. பக்கவாதத்தால் அது சேதமான சில புகைப்பிடிப்பவர்கள், ஒரு முயற்சியும் இல்லாமல், ஆசையே வராமல் சிகரெட்டை விட்டதை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்கள் ஒரே இரவில் மனோபலம் பெற்றவர்கள் இல்லையே. மனஉறுதி என்பது உண்மைதான், அதற்கு மூளையின் முன்பகுதி வேலை செய்ய வேண்டும், தூக்கமின்மை, பசி, பயம், போதை எல்லாமே முதலில் தாக்குவது அந்தப் பகுதியைத்தான்.

ஏசியும் அடித்தும் திருத்த முடியாதா?

தண்டனை வேலை செய்திருந்தால் இந்தப் பழக்கங்கள் எப்போதோ நின்றிருக்கும், பழக்கமே ஒரு தண்டனைதான். 2013இல் வெளியான ஓர் எலி ஆய்வில், கொக்கேய்ன் எடுக்கும்போது காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பல எலிகள் விட்டுவிட்டன, சில அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டே தொடர்ந்தன. அப்படித் தொடர்ந்தவற்றின் மூளை முன்பகுதி மந்தமாக இருந்தது. அந்தப் பகுதியை ஒளி கொண்டு தூண்டியபோது தேடல் குறைந்தது. ஆக, தண்டனை யாரிடம் பலிக்கவில்லையோ அவரிடம் இன்னும் கூட்டுவதில் அர்த்தமில்லை.

வேறொன்று பலித்தது. 2018இல் எலிகளுக்கு ஒரு தெரிவு கொடுத்தார்கள்: இந்த நெம்புகோலை அழுத்தினால் போதை, மற்றதை அழுத்தினால் கதவு திறந்து இன்னோர் எலியோடு சேரலாம். போதைக்கு அடிமையாகியிருந்த எலிகளும் பெரும்பாலும் துணையைத் தெரிந்தெடுத்தன. எலி மனிதன் இல்லை, தெரியும். ஆனால் வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகி நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ரொபின்ஸ் பின்தொடர்ந்தபோது, முதல் வருடத்தில் திரும்ப அடிமையானவர்கள் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான். இடமும் கூட்டமும் வாழ்க்கையும் மாறின, மூளையும் கூடவே மாறியது. நம் வீடுகளிலோ முதலில் நடப்பது சாப்பாட்டு மேசையிலிருந்து ஒதுக்கிவைப்பது. எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு.

ஒரு எச்சரிக்கை: நாள் தவறாமல் அதிகம் குடித்த ஒருவரை அறைக்குள் பூட்டித் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதை வைத்தியசாலையில் மருந்தோடு செய்ய வேண்டும்.

ஏன் இளவயதில் இவ்வளவு கூடுதல்?

பொறு என்று சொல்லும் முன்பகுதி முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும், இழுப்பின் சுற்று அதற்கு முன்பே உச்சத்துக்கு வந்துவிடும். 2005இல் ஒரு கார் ஓட்டும் விளையாட்டில், சிநேகிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்வயதினர் தனியாக இருந்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இரவில் மரைன் டிரைவில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெடியனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. பின்னால் யார் இருக்கிறார் என்பதைக் கேளுங்கள்.

பரம்பரையில் வருமா? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

குடி அடிமைத்தனத்தில் ஏறத்தாழ பாதிப் பங்கு மரபணு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன, மிச்சம் வாழ்க்கை. அப்பா குடித்தார் என்பதற்காக மகனும் குடிப்பான் என்று அதற்குப் பொருள் இல்லை. ஸ்கேனிலும் இது தெரியவராது. நான் மேலே சொன்ன முடிவுகள் பலரைக் கூட்டிப் பார்த்துச் சராசரியில் வந்தவை, ஒரு தனி ஆளின் எம்ஆர்ஐயைப் பார்த்து இவர் அடிமையாவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

சின்ன வயதில் பட்ட கஷ்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயம் உண்டு. 1998இல் கலிபோர்னியாவில் செய்த பெரிய ஆய்வில், அடி, துஷ்பிரயோகம், வீட்டில் குடி போன்ற அனுபவங்களில் நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, ஒன்றும் இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. நம் சனம் பட்டதைச் சொல்லத் தேவையில்லை. 1983 இனக்கலவரத்தைக் கண்டவர்களும், யுத்தத்துக்குள் பிறந்து பிறகு கொழும்புக்கு வந்தவர்களும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொச்சிக்கடைப் பக்கம் போகவே நெஞ்சு படபடப்பவர்களும் நம் பக்கத்து வீடுகளில்தான் இருக்கிறார்கள். நீண்ட பயம் எச்சரிக்கைச் சுற்றை எப்போதும் விழித்திருக்கச் செய்துவிடும், அந்த விழிப்பை ஒரு மணி நேரம் அணைக்கிற எதுவும் மருந்தாகத் தெரியும்.

இன்னொன்று. ஓடமுடியாத அதிர்ச்சியைத் தாங்கிய விலங்குகள் பிறகு ஓடமுடிந்த இடத்திலும் அசையாமல் கிடந்ததை 1967இல் செலிக்மனும் மேயரும் எழுதியபோது, அவை கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன என்றார்கள். 2016இல் அவர்களே அதைத் திருப்பிப் போட்டார்கள்: முடங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான பதில், என்னால் ஏதாவது செய்ய முடியும் என்பதைத்தான் மூளை கற்கிறது. அதனால்தான் உளவளத்துணையில் மிகச் சிறிய காரியங்களிலிருந்து தொடங்குகிறார்கள்.

தற்கொலை எண்ணமும் இதே வகைதானா? சாக முடிவெடுத்தவரைத் தடுக்க முடியுமா?

முழுக்க ஒன்றல்ல, ஆனால் தடுக்க முடியும் என்பதற்கு இலங்கையே சான்று. 1995இல் நம் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இப்படி இறந்தார்கள், அது அப்போது உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டன. 2005க்குள் விகிதம் பாதியானது, பிறகும் குறைந்தது. வேலையின்மை, மதுப் பாவனை, யுத்த ஆண்டுகள் என்று ஆராய்ந்தவர்கள் தேடிப் பார்த்தார்கள், அவை இந்தக் குறைவோடு பொருந்தவில்லை. உந்துதல் பல பேருக்கு அலையாக எழுந்து தணிகிறது, அந்த நேரத்தில் ஆபத்தானது எட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது. தப்பியவர்களில் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே வீட்டில் யாரையாவது பற்றிக் கவலை இருந்தால் ஆபத்தானவற்றை அப்புறப்படுத்துங்கள், தனியே விடாதீர்கள், சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. இன்னமும் பலர் பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கிறார்கள், தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றம் இல்லை.

எங்கே போவது? அங்கொடை மனநல வைத்தியசாலைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்?

1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1333 இலவச உளவளத்துணை இலக்கம், ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, குடிக்கும் போதைக்கும் அவர்களுடைய மெல் மெதுர நிலையம். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்ததும் கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும் காசில்லாமல் பார்ப்பார்கள். அங்கொடை என்ற பெயரை நாம் ஏச்சாகப் பாவித்தே பல பேரைச் சிகிச்சையிலிருந்து தூரத்தில் வைத்துவிட்டோம். பிள்ளைகள் முன்னால் அந்தப் பகிடியை விட்டுவிடுங்கள், உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

அண்ணா பல மாதம் விட்டிருந்தார், போன கிழமை திரும்பத் தொடங்கிவிட்டார். எல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. பழைய பழக்கத்தை மூளை அழிப்பதில்லை, அதற்கு மேல் புதியதொன்றைக் கற்கிறது. அந்தப் புதிய கற்றல் கற்ற இடத்தோடு ஒட்டியிருக்கும். புனர்வாழ்வு நிலையத்தில் உறுதியாக இருந்தவர் பழைய தெருவுக்கு வந்ததும் தடுமாறுவதன் காரணம் இதுதான், அவர் நடித்தார் என்பதல்ல. ஹெரோயின் போன்றதாக இருந்தால் உடனடி ஆபத்து ஒன்று இருக்கிறது: விட்டிருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், முன்பு எடுத்த அளவே இப்போது கொல்லக்கூடும். இதை அவரிடம் இன்றைக்கே, ஏசாமல், நேராகச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே கூட்டிப் போங்கள். எந்த நேரம், எந்தத் தெரு, யாரோடு, அதற்கு முதல் நாள் தூங்கினாரா, வேலையில் என்ன நடந்தது என்று அவரையே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வைத்தியர் எங்கிருந்து தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.